கேட்டில் தின்ற துருக்கி மிட்டாய்

போன சனிக்கிழமை ஒரு மிட்டாய் டின்னால் ஜெயிலுக்குப் போகப் பார்த்தேன். சிரிக்காதீர்கள்.

மலாயாவில் லாபு பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் சாயங்காலமானால் என் வீட்டு வாசலில் ஏழெட்டுப் பெண்கள் கூடுவார்கள். நான் பள்ளிக்கூட டீச்சர். எனக்கு வாசிக்கப் பிடிக்கும், அவர்களுக்குக் கேட்கப் பிடிக்கும். இப்போது ஓடிக்கொண்டிருப்பது ஒரு துருக்கிக் கதை. முதல் பக்கங்கள் கிழிந்துபோன புத்தகம் — பெயர் தெரியாது, எழுதியவரும் தெரியாது. இஸ்தான்புல்லில் ஒரு மிட்டாய்க் கடைக்காரர் மகள். ஊரெல்லாம் கலவரம். அவளோ தினமும் லொக்கும் என்று ஒரு மிட்டாய் கிண்டுகிறாள். பன்னீர் வாசம், ரோஜா நிறம், மேலே மாவு மாதிரி சர்க்கரை... காட்டில் இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போகக் கூடாதென்று அரசாங்கம் போட்ட முள்வேலிக்குள் ரேஷன் அரிசி தின்கிற எங்களுக்கு அதைக் கேட்பதே விருந்து.

கேட்பவர்களில் ஒருத்தி அஞ்சலை. ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டுகிறவள். காட்டில் இருப்பவர்களுக்கு அரிசி கொடுத்தான் என்று யாரோ சொல்ல, அவள் புருஷனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு அவள் யாரிடமும் பேசுவதில்லை. சாப்பாடும் பேருக்குத்தான். அந்த மிட்டாய் வந்த இடத்தில் மட்டும் தலை நிமிர்ந்தாள்.

"அது எப்படி இருக்கும் டீச்சர்? அல்வா மாதிரியா?"

எனக்கு என்ன தெரியும்? நானும் தின்றதில்லையே!

சனிக்கிழமை லுக்குட் ஊரில் அக்கா வீட்டுக்குப் போனேன். திரும்பும்போது பாய் கடை அலமாரியில் பார்த்தால்... சிவப்பு டின். துருக்கி மிட்டாய்! யோசிக்காமல் கேட்டுவிட்டேன். பாய் டின்னை எடுத்தார், ஆணியை வைத்து மூடியில் ஓங்கி அடித்தார்.

"ஐயோ, என்ன பாய்?"

"ரூல்ஸ் டீச்சரம்மா. ஓட்டை போடாம டின்னு குடுத்தா என்னைப் புடிச்சிருவான். கெட்டுப்போற சாமானை காட்டுக்குள்ள கொண்டுபோயி வைக்க முடியாதில்ல? பாத்துப் போங்க லா, வழியெல்லாம் செக்கிங்."

அந்த ஒரு வார்த்தை போதாதா? பஸ்ஸில் ஒவ்வொரு ஜீப்பைப் பார்க்கும்போதும் பையை மடியோடு அழுத்திக்கொண்டேன். ஓட்டை வழியே சர்க்கரைத் தூள் கொட்டி, பையெல்லாம் வெள்ளை. நல்லவேளை, வழியில் யாரும் திறக்கவில்லை.

தோட்டத்து கேட்டில் திறந்தார்கள்.

காவலுக்கு நின்றவர் நம்ம தமிழ்ப் பையன்தான், ஸ்பெஷல் கான்ஸ்டபிள். டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மிட்டாயை அல்ல — மேலே இருந்த படத்தை. சிவப்புக் கொடி. அதில் ஒரு நட்சத்திரம்.

அப்போதுதான் எனக்கே உறைத்தது. காட்டில் இருப்பவர்கள் தொப்பியிலும் சிவப்பு நட்சத்திரம்தானே!

"துருக்கி நாட்டுக் கொடி தம்பி. நிலாவும் இருக்கு பாருங்க."

"நிலா கிலா எல்லாம் எனக்குத் தெரியாது டீச்சர். சார்ஜென்ட் வரட்டும். இங்கயே நில்லுங்க."

நின்றேன். வெயில் தலையைப் பிளந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் ஆட்கள் கூடி என்னையே பார்த்தார்கள். என்ன சொல்வேன்? கதையில் வந்தது, அதனால் வாங்கினேன் என்றா? யார் நம்புவார்கள்? ஓர் ஆளை ஜீப்பில் ஏற்ற இவ்வளவு சின்ன விஷயம் போதுமா... அஞ்சலை புருஷனையும் இப்படி ஏதோ ஒன்றுக்குத்தான் கூட்டிப்போனார்களோ?

சார்ஜென்ட் வந்தார். வயதான மலாய்க்காரர். டின்னைக் கையில் வாங்கிய உடனே சிரித்துவிட்டார். "துர்கி லா!"

எனக்கு உயிர் வந்தது. ஆனால் ரேஷனில் இல்லாத சாப்பாட்டுச் சாமான் உள்ளே போகக் கூடாதாம். இங்கேயே தின்று முடிக்க வேண்டுமாம். நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன் — இது ஒருத்திக்காக வாங்கியது, அவளைக் கூப்பிடலாமா? சார்ஜென்ட் தோளைக் குலுக்கினார். கூப்பிடு லா, என்றார் மலாயில்.

அஞ்சலை வந்தாள். யூனிஃபார்மைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். நான் போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தேன். ஒரு துண்டை வாயில் போட்டாள். கண்ணை மூடினாள்.

"பல்லுல ஒட்டுது டீச்சர்," என்றாள். இன்னொன்றும் எடுத்தாள். சார்ஜென்டும் ஒன்று எடுத்துக்கொண்டார்.

திடீரென்று அவர் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, எம் புருஷன எப்ப விடுவீங்க?"

கான்ஸ்டபிள் என்னைப் பார்த்தார், பிறகு மெதுவாக மலாயில் சொன்னார். சார்ஜென்ட் மெல்லுவதை நிறுத்தினார். பெயர் என்ன என்று கேட்டார்.

எங்கள் தோட்டத்தில் எந்தப் பெண்ணும் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டாள். பக்கத்தில் இருப்பவர்தான் சொல்ல வேண்டும். நான் வாயைத் திறந்தேன். அஞ்சலை என் கையை அழுத்தித் தடுத்தாள்.

"காத்தமுத்து," என்றாள். பிறகு காவல் கொட்டகை முழுக்கக் கேட்கிற மாதிரி — "காத்தமுத்து!"

விசாரிக்கிறேன் என்றார் சார்ஜென்ட். இதை எழுதும்வரை ஒரு தகவலும் இல்லை.

ஆனால் அஞ்சலை இப்போது தினமும் காலையில் வேலைக்குப் போகும்போது, அந்தப் பெயரை கேட்டில் ஒரு தடவை சொல்லிவிட்டுத்தான் போகிறாள்.