ஏழாவது வரிசை

பிள்ளைகளா, அப்பாவுக்குக் கணக்கு வராது என்பது உங்களுக்குத் தெரியும். கணக்காலேயே என்னைக் கடுப்பேற்றிய ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

அவனியாபுரம் பக்கம் மாத்திரைகளைச் சோதிக்கும் ஆய்வுக்கூடம் ஒன்றுக்கு அப்போது நான் ஆள் சேர்த்துக் கொடுத்தேன். அங்கே எத்தனை பேர் வேண்டும் என்று கணக்குப் போட்டு முடிவு செய்பவர்தான் அவர். ஒல்லியாக இருப்பார். காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு, கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணுவார்.

ஒரு தடவை மூன்று மாத்திரைகள். வாரம் ஒன்றாக மூன்றையும் ஒவ்வொருவரும் விழுங்கி, ரத்தம் கொடுக்க வேண்டும். முப்பது பேர் கேட்டார். இருக்கட்டுமே என்று முப்பத்திரண்டு பேரைக் கூட்டிப்போனேன். எண்ணிவிட்டு, கடைசி இருவரைத் திருப்பி அனுப்பச் சொன்னார். செல்லூரில் தறியை நிறுத்திவிட்டு வெறும் வயிற்றோடு வந்தவர்கள்.

"வரச் சொல்லிட்டு இப்பப் போகச் சொல்றீக, என்னண்ணே இது?" என்று அவர்கள் என்னைத்தான் பிடித்தார்கள்.

"ரெண்டு பேர் கூட இருந்தா என்ன சார் கெட்டுப்போகும்?" என்று கத்திவிட்டேன்.

"மூணு மாத்திரையை எது முதல்ல, எது கடைசின்னு முன்னப்பின்ன மாத்துனா ஆறு வரிசைதாண்ணே வரும். வரிசைக்கு அஞ்சு பேர். இவங்களை எதுல சேக்க?"

"ஏதாவது ஒண்ணுல சேருங்க!"

"கடைசிவரைக்கும் இருபத்திநாலு பேர் இருந்தாப் போதும். பாதியில சிலர் நின்னுருவாங்கன்னுதான் முப்பது கேட்டேன். ஆள் குறைஞ்சா அத்தனை பேர் ரத்தமும் வீண். அதுக்காகத் தேவைக்கு மேல ஒரு கையிலயும் ஊசி குத்த மாட்டேன்."

குரல்கூட உயரவில்லை. எனக்கு அதுதான் இன்னும் எரிச்சல்.

இருவரையும் பஸ் ஏற்றிவிட்டு, டீக்கடை பெஞ்சில் தனியாக உட்கார்ந்தேன். ஒரு கல், ஒரு தீக்குச்சி, ஒரு வேப்பங்கொட்டை மூன்றையும் எடுத்து, வெகுநேரம் மாற்றி மாற்றி அடுக்கிப் பார்த்தேன், ஏழாவதாக ஒரு வரிசை வருமா என்று.