எங்கள் ஊர்க்காரரின் வெளிநாட்டுப் பணம்

“பஸ்ஸுல உண்டி குலுக்கினாலே பத்து பேருக்கு ஒருத்தன்தான் போடறான். மூஞ்சி தெரியாத ஊர்ல, கம்ப்யூட்டர் முன்னால உக்காந்துகினு, எவம்மா உனக்குக் காசு போடுவான்?”

கேட்டவர் சொல்தா ஐயா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். முதலியார்பேட்டையில் பிறந்தவர், இன்றும் அதே தெருவில்தான் வீடு. மாதம் பிறந்ததும் சைக்கிளில் வந்து எங்கள் இல்லத்துக்கு ஒரு கவரைக் கொடுத்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போவார்.

இல்லம் என்பது கோரிமேட்டில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த ஒரு வாடகை வீடு. திண்டிவனம், விழுப்புரம் பக்கமிருந்து நோயாளிகளோடு பஸ் ஏறி வரும் பெண்கள் குளிக்கவும், சமைக்கவும், பயமில்லாமல் படுக்கவும் ஓர் இடம். ஓய்வு பெற்ற நர்ஸ் அம்மா ஒருவர் தொடங்கியது. அங்கே சம்பளத்துக்கு இருந்த ஒரே ஆள் நான். அந்த வருடம் வீட்டுக்காரர் வீட்டை லாட்ஜுக்கு விடப் பார்த்தார். ஒரு வருட வாடகையை முன்கூட்டியே கொடுத்தால் எங்களுக்கே விடுவதாகச் சொன்னார். இல்லையென்றால் அந்தப் பெண்கள் பழையபடி ஆஸ்பத்திரி மரத்தடியில் துண்டை விரிக்க வேண்டியதுதான்.

அதனால்தான் இணையத்தில் நன்கொடை திரட்டும் தளங்களைத் தேடினேன். லாஸ்பேட்டையில் நான் படித்த கல்லூரிக்கு எதிரே இருந்த பிரவுசிங் சென்டரில், மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து, ஒவ்வொரு தளத்தின் விதிகளையும் நோட்டில் எழுதினேன். நோயாளியின் முகம் தெரியும் படம் கட்டாயம் என்றது ஒரு தளம். மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா, கணவருக்கு என்ன நோய் என்று சொந்த ஊரிலேயே சொல்லாமல் வந்திருந்தார். அவரை நினைத்து அந்தப் பக்கத்தை மூடினேன். மிச்சம் இரண்டு. ஒன்று இந்தியத் தளம். எல்லாக் காகிதமும் கேட்டது, ஆட்கள் வந்து நேரில் பார்ப்பார்கள், ஒன்றரை மாதம் ஆகும். மற்றது வெளிநாட்டுத் தளம். பதிந்த இரண்டாம் நாளே பணம் போடலாம்.

ஒரு வாரம் கேலி செய்த சொல்தா ஐயாதான் அந்த வெளிநாட்டுத் தளத்தைப் பற்றிக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“என் புள்ள துலூஸ்ல இருக்கான். தங்கச்சி புள்ளைங்க மூணு பேரு பாரீஸ்ல. எல்லார்கிட்டயும் கார்டு இருக்குது. நான் ஒரு போன் போட்டா போதும்.”

நர்ஸ் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. முடிவாகிவிட்டது என்றே எல்லோரும் நினைத்தோம்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவின் ரேஷன் கார்டிலிருந்து பக்கத்து வீட்டு வங்கிக் கடன் வரை தெருவின் படிவங்களெல்லாம் என் கையால் நிரம்பியவை. கடைசி வரியைப் படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போட மாட்டேன். அந்தத் தளத்தின் படிவத்திலும் கடைசியில் ஒரு வரி இருந்தது: வெளிநாட்டவரிடம் பணம் பெற உங்கள் அரசின் அனுமதி உள்ளதா? எங்களிடம் இல்லை.

“அவங்க வெளிநாட்டுக்காரங்க இல்லம்மா, நம்ம பசங்க,” என்றார் ஐயா.

“பாஸ்போர்ட்டு எந்த நாட்டுதுங்க ஐயா?”

“பிரான்சுதான். அதனால என்ன?”

“சட்டத்துல அதத்தான் பாக்கறாங்க.”

ஐயா மெதுவாகக் கேட்டார், “அப்ப நான்?”

அவரிடம் இருப்பதும் பிரெஞ்சு பாஸ்போர்ட்தான். ஆனாலும் அந்தக் கேள்வி அதுவரை எங்கள் மூவருக்குமே தோன்றவில்லை. நான்கு வருடமாக அவர் தந்த கவர்களை வெளிநாட்டுப் பணம் என்று யார் நினைப்பார்கள்?

“ஓட்டு பிரான்சுக்குத்தான் போடறேன், சரி. ஆனா மத்தியானம் கருவாட்டுக் குழம்புதான திங்கறேன்! நான் ஃபாரினாம்மா?”

நர்ஸ் அம்மா சிரித்தார். ஐயா சிரிக்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

“இந்த ஒரு தடவ ‘இருக்குது’ன்னு டிக் போட்டுடேன் பாப்பா,” என்றார் நர்ஸ் அம்மா. “யாரு வந்து பாக்கப் போறாங்க?” எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. பின்கட்டில் இரண்டு பெண்கள் ஒரே அடுப்பில் மாற்றி மாற்றிச் சோறு வடித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் மாட்டிக்கொண்டால் வீடு மட்டுமல்ல, இல்லத்தின் பதிவே போய்விடும். “முடியாதும்மா” என்று சொல்லிவிட்டு இந்தியத் தளத்துக்கே விண்ணப்பித்தேன். வீட்டுக்காரரிடம் நானே போய்ப் பொங்கல் வரை தவணை கேட்டேன். முகம் சுளித்தார், கொடுத்தார்.

சென்னையிலிருந்து தளத்துக்காரர்கள் வந்து அடுப்பைப் பார்த்தார்கள், குளியலறைத் தாழ்ப்பாளைக்கூடப் போட்டுப் பார்த்தார்கள். முகம் தெரியாமல், காயவைத்த சேலைகளையும் சுருட்டிய பாய்களையும் படமெடுத்துப் போட்டோம். புனேயிலிருந்து யாரோ ஒருவர் முதலில் பணம் போட்டார். பொங்கலுக்குள் பாதி வாடகைதான் சேர்ந்தது. மீதிக்கு வைகாசி வரை பொறுப்பதாக வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டார். அந்தப் பெண்களின் பாய்கள் மரத்தடிக்குப் போகவில்லை.

ஐயா இரண்டு மாதம் வரவேயில்லை. ஒரு காலை, வழி தெரியாமல் நின்ற தாயும் மகளுமாக இரண்டு பேரைக் கோரிமேட்டு பஸ் நிறுத்தத்திலிருந்து கூட்டிக்கொண்டு வந்தார். அவர்களின் பை அவருடைய சைக்கிளில் தொங்கியது.

“வழி காட்டறதுக்கு பர்மிஷன் வேணுமான்னு படிச்சுப் பாத்தியா?”

“படிச்சேங்க ஐயா. வேணாம்.”

டீயைக் குடித்து முடித்தார். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

“அப்ப நான் எப்பதாம்மா குடுக்கறது?”

அன்று காலை வேலைக்கு வரும் வழியில்தான் தலைமைத் தபால் நிலையத்தில் இறங்கியிருந்தேன். அவரிடம் இதுவரை வாங்கியதையும் ஒளிக்காமல் எழுதி, வெளிநாட்டுப் பணம் வாங்க அனுமதி கேட்டு, தில்லிக்கு விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருந்தேன்.