கேட்காமல் வந்த பால்

மகப்பேறு மருத்துவமனையின் வரவேற்பறைப் பலகை அவளை இப்படி அறிமுகம் செய்கிறது: ‘தாய்ப்பால் ஆலோசகர். அனுபவம் மிக்க தாய். என்றும் புன்னகை முகம்.’ எழுதியவர் அவளைப் பார்த்ததில்லை போலும். அவள் சிரித்தால் கர்ப்பிணிகள் வகுப்பில் பாதிப் பேருக்கு வலி எடுத்துவிடும் என்பது வார்டு ஆயாவின் கட்சி. பாலூட்டி வளர்த்த பிள்ளை என்று அவளுக்கு ஒன்றும் கிடையாது.

தலைச்சன் பிள்ளை சுமப்பவர்களோ அவளை விட்டு நகர்வதில்லை. அவர்களுக்கு அவள் பொம்மையக்கா. மருத்துவமனை கொடுத்த பாடப் பொம்மை பஞ்சாக இருந்தது. பிரித்து, மணல் அடைத்துத் தைத்துக்கொண்டாள். எவ்வளவு மணல் என்று தராசைக் கேட்கவில்லை. கைகளுக்கே ஞாபகம் இருந்தது.

“என்னக்கா, உங்க பிள்ளை இந்தக் கனம் கனக்குது! என்ன போட்டு வளர்த்தீங்க?” என்றாள் ஒருத்தி. வகுப்பே சிரித்தது.

“வாயாடாம தலையைத் தாங்குடி. நீ குனியாதே, பிள்ளையை மார்புக்குக் கொண்டு வா. காம்பு மட்டும் போதாது, வாய் நிறையக் கவ்வணும்.”

அடுத்த வார்டில் ஒரு சிசு வீறிட்டது. அவள் மார்பில் சுருக்கென்றது. பால் வற்றி எத்தனையோ வருஷம் ஆகியும் எவள் பிள்ளை அழுதாலும் இப்படித்தான். உடம்புக்கு இன்னும் சேதி போய்ச் சேரவில்லை.

வகுப்பு கலைந்தது. ஒருத்தி மட்டும் பொம்மையைக் கீழே வைக்கவில்லை.

“பிள்ளை தங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்கக்கா. வீட்ல அந்தப் பேச்சையே எடுக்க விடமாட்டேங்கறாங்க. எனக்கும் பால் வருமா?”

வகுப்பில் அபசகுனமாகப் பேசக்கூடாது என்பது தலைமை நர்ஸின் கட்டளை. ‘எல்லாம் நல்லபடியா நடக்கும்மா’ என்பது பொம்மையக்காவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் பிரசவத்துக்குப் போன அன்று அவளுக்கும் அதைத்தான் சொன்னார்கள். வெறுங்கையோடு வீடு திரும்பியபின் ஒரு காலை ரவிக்கை நனைந்தபோது, பிள்ளை எங்கோ பசித்துக் கிடக்கிறது என்று அறை அறையாகத் தேடினாள். பைத்தியம் என்றார்கள். அவளும் நம்பினாள்.

“வரும். கேட்காமலே வரும். புத்தி பேதலிச்சிடுச்சோன்னு பயப்படாதே. வந்ததும் எனக்குச் சொல்லி அனுப்பு.”

“நிஜமா வருவீங்களா?”

“பின்னே? இந்த மணல் மூட்டைக்குத் தாலாட்டு பாடிட்டா இருப்பேன்?”

பிறந்த பிள்ளை அரை நாள் இருந்தது.

சொல்லி அனுப்பினார்கள். அவள் போனாள். கதவைச் சாத்திவிட்டு மார்பில் குளிர்ந்த துணி வைத்தாள். கனம் குறையும் அளவுக்கு மட்டும் பாலை எடுத்துவிடச் சொல்லிக்கொடுத்தாள். பிள்ளை யார் ஜாடை என்று கேட்டாள். பால் நிற்கும்வரை தினமும் போனாள்.