பாதிப் பன்றி திரும்பி வந்த ஞாயிறு

பெரியம்மா வெர்னா மார், ஓக்லாந்து எட்டாம் தெருவில் தாத்தா தொடங்கிய கடையின் மாடியில் பிறந்தவர். நெருப்பில் வாட்டிய வாத்தும் பன்றியும் விற்கிற சீனக் கடை. இந்த அறுபத்து மூன்று வயதுவரை அவர் போன அதிகபட்சத் தூரம் ரீனோ. அதுவும் காலையில் போய் ராத்திரி திரும்பிவிட்டார். மூன்று வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்து நின்ற என்னிடம், "எல்லா ஊரும் அங்கங்கதான இருக்கு? சரி, வா, வாத்தத் தொங்கவிடு" என்றார்.

டோங்காக்காரர்கள் ஞாயிற்று விருந்துக்கு எத்தனை பவுண்டு வாங்குவார்கள், கியூபாக்காரர்களுக்குத் தோல் எவ்வளவு மொறுமொறுப்பாக இருக்க வேண்டும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. வெட்டுக் கட்டைக்குப் பின்னால் நின்றே ஸ்பானிஷ் பேசக் கற்றவர். சீன வீட்டில் சம்பந்தம் செய்கிறவர்கள் முதலில் அவரிடம்தான் யோசனை கேட்க வருவார்கள்.

ஒஃபீலியா பரகானும் அப்படித்தான் வந்தார். மெக்சிகோக்காரர், இருபது வருட வாடிக்கை. மகன் எஃப்ரைன், யீ வீட்டுப் பெண் கொரினைக் கட்டப்போகிறான். மாப்பிள்ளை வீட்டுச் சீராக முழுப் பன்றி போக வேண்டும். சிவப்புக் காகிதம் சுற்றணும், காலையிலேயே போகணும், தலை முன்னால் இருக்கணும் என்று பெரியம்மா எல்லாம் சொல்லிக்கொடுத்தார். சனிக்கிழமை பன்றி போனது.

ஞாயிறு காலை, கடை நிறையக் கூட்டம். ஒஃபீலியா ஒரு பெரிய அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து வெட்டுக் கட்டைமேல் வைத்தார். உள்ளே அதே பன்றியின் தலை, வால், பின்தொடை இரண்டு.

"உன் பன்னிய நீயே வச்சுக்க. எங்க கைப்பட்டது ஆகாதுன்னு பொண்ணு வீட்ல பாதியத் திருப்பி அனுப்பிட்டாங்க. வர்ற சனிக்கிழமை கல்யாணத்துக்கு நான் வரல."

"அம்மா, கொஞ்சம் பொறும்மா..." என்றான் வாசலில் நின்ற எஃப்ரைன். முகம் வெளுத்திருந்தது.

"நீ வாய மூடு. நாளைக்கு உன்னையும் இப்படித்தான் பாதியாத் திருப்பி அனுப்புவாங்க."

பெரியம்மா கத்தியைக் கீழே வைத்தார். கடை நேரத்தில் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. சீனக் கல்யாணத்தில், தொடக்கமும் முடிவும் நல்லபடி அமையட்டும் என்று தலையும் வாலும் மாப்பிள்ளை வீட்டுக்கே திரும்பிப் போகும். எங்களுக்குள் இதை யாரும் யாருக்கும் சொல்லித்தந்ததில்லை, தானாகவே தெரியும். அதனாலேயே பெரியம்மாவுக்கும் அதை ஒஃபீலியாவிடம் சொல்லத் தோன்றவில்லை.

"தப்பு என்னுது ஒஃபீலியா. அது எங்க வழக்கம். நான்தான் சொல்ல மறந்துட்டேன்."

"எங்கள்ல குடுத்ததத் திருப்பினா மூஞ்சில துப்பின மாதிரி. நீ கடைக்காரி, ரெண்டு பக்கமும் சமாளிக்கிற."

பெரியம்மா கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். அப்போதுதான் உள்ளே வந்து, விலைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்த லூயி கிழவரைக் கூப்பிட்டார். ஒஃபீலியாவுக்கும் புரியட்டும் என்று, சீனத்தில் கேட்காமல் ஆங்கிலத்திலேயே கேட்டார்.

"லூயி மாமா, உங்க கல்யாணத்துக்குப் பன்னி அனுப்புனீங்களே, பொண்ணு வீட்லேர்ந்து என்ன திரும்பி வந்துச்சு?"

"வாலு! வெறும் வாலு! தலைய என் மாமியா அமுக்கிட்டா. நாப்பத்தாறு வருஷமா கேக்குறேன், இன்னும் பதிலக் காணோம்."

"உங்களுக்கு வாலாவது வந்துச்சு. எங்கப்பா ஒண்ணுமே அனுப்பல. எங்க மாமியா சாகுறவரைக்கும் அதையே சொல்லிக் குத்துனா" என்றாள் பின்னால் நின்ற ஒரு பெண்.

லூயி பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "அட, ரெண்டு தொடையுமா? யாரு அந்த மகராசி?"

ஒஃபீலியாவும் மறுபடி பெட்டியைப் பார்த்தார். "அப்ப நல்லவங்கதானா?"

"உன்னவிட நல்லவங்க. நீ கல்யாணத்தையே திருப்பி அனுப்பப் பாத்த" என்றார் பெரியம்மா.

ஒஃபீலியா சிரித்துவிட்டார். எஃப்ரைன் அங்கிருந்த எண்ணெய் டின்மேல் பொத்தென்று உட்கார்ந்தான்.

"தலைய வெட்டிக் குடு. பொசோலே வைக்கிறேன்" என்றார் ஒஃபீலியா. வெள்ளைச் சோளம் போட்டு மணிக்கணக்கில் கொதிக்கவிடும் சூப் அது. பெரியம்மா நாலே வெட்டில் தலையைப் பிளந்து கொடுத்தார்.

புதன்கிழமை போன் வந்தது. கொரினின் அம்மா.

"வெர்னா, சம்பந்தி அம்மா ஒரு அண்டா சூப் குடுத்து விட்டிருக்காங்க. இதுல எவ்வளவு திருப்பி அனுப்பணும்?"

"ஐயோ, ஒரு சொட்டுக்கூட அனுப்பிடாத. முழுக்கக் குடிங்க. அண்டாவ வெறுமனே அனுப்ப வேணாம், ஆரஞ்சு போட்டு அனுப்பு."

போனை வைத்தவர் உடனே இன்னொரு எண்ணை அழுத்தினார்.

"ஒஃபீலியா, அண்டால ஆரஞ்சு வரும். அதுவும் எங்க வழக்கந்தான், கோவிச்சுக்காத."