தங்கதுரை அண்ணாச்சியும் எங்கள் சனிக்கிழமைத் தப்புகளும்

செய்தி வந்தபோது மணி பன்னிரண்டே முக்கால். ஒரு மணிக்கு என் மகள் நிவேதா சாப்பிட உட்காருவாள். தங்கதுரை அண்ணாச்சி காலையில் மாரடைப்பில் போய்விட்டார் என்று அவர் மகன் ஜெபா எழுதியிருந்ததைப் படித்ததும் எனக்கு அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. இது தெரிந்தால் இவள் இன்றைக்குச் சாப்பிட மாட்டாளே என்ற பயம். அவ்வளவு நல்ல மனிதர் இறந்த செய்திக்கு நான் செய்த முதல் மரியாதை, போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு நிவேதாவின் தட்டைக் கழுவப் போனது.

உங்களில் பலருக்கு இந்தப் பயத்தை நான் விளக்க வேண்டியதில்லை. செம்பூரில் மாதா கோயிலுக்குப் பின்னால் தையல் வகுப்பு நடக்கும் அறையில், சனிக்கிழமைதோறும் நாம் கூடுவதே இந்தப் பயத்தால்தான். தெரியாதவர்கள் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். சாப்பாடே பகையாகிப்போகும் ஒரு நோய் உண்டு. அது பிடிவாதமும் அல்ல, நாகரிகமும் அல்ல, நோய். அது வந்த பிள்ளைகளும், அவர்களை வைத்துக்கொண்டு தவிக்கிற வீட்டாரும் ஒருவருக்கொருவர் துணையாக உட்காரும் இடம் நம் கூட்டம். வைத்தியம் ஆஸ்பத்திரியில்தான். "டாக்டர் சொல்லுதது மருந்து, நாம சொல்லுதது துணை. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிடக் கூடாது" என்று அண்ணாச்சி புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் கறாராகச் சொல்லிவிடுவார்.

அவர் தாராவியில் பெல்ட் பட்டறை வைத்திருந்தவர். நிவேதாவின் டாக்டர்தான் அவர் நம்பரைக் கொடுத்தார். நான் உடனே கூப்பிட்டுவிடவில்லை. படித்தவர்கள் வாழும் மாட்டுங்காவில் வளர்ந்தவள், கணக்கு டியூஷன் எடுப்பவள் நான், பெல்ட் தைக்கிற ஒருவர் எனக்கு என்ன சொல்லிவிடப் போகிறார் என்ற தலைக்கனம். இரண்டு மாதம் கழித்து, தலைக்கனத்துக்கு வீட்டில் இடமே இல்லாமல் போன பிறகு கூப்பிட்டேன். மகள் என்ன சாப்பிடுகிறாள், எவ்வளவு இளைத்திருக்கிறாள் என்று அவர் எதுவும் கேட்கவில்லை. "நீங்க தூங்குதீயளா டீச்சர்?" என்றார். அதுவரை அதை என்னிடம் யாரும் கேட்டதில்லை. போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கம் தையல் மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

முதல் சனிக்கிழமை நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு போனேன். யாராவது வழி சொல்வார்கள், எழுதிக்கொள்ளலாம் என்று நினைப்பு. அண்ணாச்சி நோட்டைப் பார்த்துச் சிரித்தார். "இங்க யாரும் யாருக்கும் புத்தி சொல்லக் கூடாது. நாம செஞ்ச தப்பை மட்டும் சொல்லணும். மொதல்ல நான் சொல்லுதேன்" என்று ஆரம்பித்தார். ஜெபாவுக்குப் பதினாறு வயது இருக்கும்போது நடந்த கதை. பையன் இளைத்துக்கொண்டே வந்திருக்கிறான். அப்பாவுக்கு ஒரே பெருமை. தொந்தி தொப்பை இல்லாமல் சினிமா நடிகன்போல் இருக்கிறான் என்று பட்டறை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறார். பெல்ட் இடுப்பில் நிற்கவில்லை என்று பையன் பட்டறைக்கு வந்து, அவருடைய கருவியையே எடுத்துப் புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டிருக்கிறான். "மூணாவது ஓட்டைய நானே போட்டுக் குடுத்தேன், டீச்சர். இந்தக் கையாலதான்" என்றார். புதிதாக ஒரு குடும்பம் வரும்போதெல்லாம் இதையே சொல்வார். 'இந்தக் கையாலதான்' என்னும் இடத்தில் ஒவ்வொரு முறையும் வலது கையை விரித்துக் காட்டுவார். இவ்வளவு பழைய தப்பை எதற்குத் திரும்பத் திரும்ப எடுத்துப் போடுகிறார் என்று எனக்குச் சலிப்புகூட வந்ததுண்டு. அவர் சொல்லி முடித்த பிறகு மற்றவர்களுக்கு வாய் திறப்பது சுலபமாக இருந்தது என்பதைக் கவனிக்க எனக்கு நாளாயிற்று.

என் முறை வந்தபோது நான் நெய்க் கதையைச் சொன்னேன். நிவேதாவின் பருப்பில் அவளுக்குத் தெரியாமல் நெய்யைக் கலந்தேன். நான்கு நாள் நடந்தது. ஐந்தாம் நாள் கண்டுபிடித்துவிட்டாள். அதற்குப் பிறகு மூன்று வாரம் நான் தொட்டுச் சமைத்த எதையும் அவள் தொடவில்லை. என் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. இதைச் சொல்லி முடித்ததும் திட்டு விழும் என்று தலை குனிந்துகொண்டேன். மான்குர்த்திலிருந்து வரும் ஒரு அம்மா, தானும் ரசத்தில் வெண்ணெய் கலந்ததாகச் சொன்னார். அண்ணாச்சி இட்லி மாவில் சத்துமாவைக் கலந்து மாட்டிக்கொண்டவராம். அந்த அறையில் அன்றைக்குச் சிரித்ததுபோல நான் அந்த வருஷத்தில் எங்கேயும் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கியதும் அவர் மெதுவாகச் சொன்னார். "ஒளிக்கது அந்த நோயோட வேலை, டீச்சர். அந்த வேலைய நாமளும் செஞ்சோம்னா, வீட்டுல யாரைத்தான் நம்பும் அந்தப் பிள்ள?"

'சாப்பிட்டாச்சா' என்ற கேள்வியை நம் கூட்டத்தில் தடை செய்ததும் அவர்தான். தமிழர் இரண்டு பேர் பார்த்துக்கொண்டால் வாயில் முதலில் வருவது அதுதானே. நமக்கு அது வெறும் விசாரிப்பு. நிவேதாவுக்கு அது போலீஸ் விசாரணை. அதற்குப் பதிலாக என்ன கேட்பது என்று யோசித்து, "சீட் கெடைச்சுதா?" என்று வைத்தார். கூட்டம் நெரியும் ஹார்பர் லைன் ரயிலில் வருகிறவர்களுக்கு அதைவிட அக்கறையான கேள்வி ஏது? நடந்து வந்தவர்களையும் ஆட்டோவில் வந்தவர்களையும்கூட அப்படியே கேட்டார். ஒரு தடவை அவரே பழக்கதோஷத்தில் ஒரு பையனிடம் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அந்த வாரத் தப்பாக அதையும் சேர்த்துச் சொன்னார்.

போன தீபாவளிக்கு வந்த என் நாத்தனார், கொஞ்சம் தேறியிருந்த நிவேதாவைப் பார்த்து, "இப்பதான் நல்லா பூசினாப்ல இருக்கே" என்று கன்னத்தைத் தட்டினார். பாசத்தில் சொன்னதுதான். அந்த ஒரு வார்த்தையில் ஆறு மாதப் பாடு போயிற்று. அன்றைக்குப் போனில் அண்ணாச்சியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். நாளைக்கு என்ன ஆகும், பரீட்சை என்ன ஆகும், எனக்குப் பிறகு இவள் கதி என்ன ஆகும் என்று நிறுத்தாமல் பேசினேன். அவர் மிஷினை நிறுத்திவிட்டு முழுவதையும் கேட்டுக்கொண்டார். "அடுத்த வேளைய அடுத்த வேளை பாப்போம். பயத்தையும் வேளைக்கு ஒண்ணா வச்சுக்கிடுங்க" என்றார். உங்கள் பையன் பிழைத்துக்கொண்டான், நீங்கள் சொல்லலாம் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பிறகு சொன்னார். "நல்லாத்தான் இருக்கான். எட்டு வருசம் ஆச்சு. ஞாயித்துக்கெழமை விக்ரோலியில இருந்து வருவான். வாசல்ல நுழையும்போது நான் அவன் மூஞ்சியப் பாக்க மாட்டேன், டீச்சர். பெல்ட்டத்தான் பாப்பேன். அதுக்குப் பெறவுதான் வாய்யான்னு சொல்லுவேன்."

அந்த மனிதர் இறந்த செய்தியைத்தான் நான் கவிழ்த்து வைத்திருந்தேன். ஒரு மணி அடித்தது. சோறு, சாம்பார், பீன்ஸ் பொரியல், தயிர். நிவேதா உட்கார்ந்தாள், எதிரில் நான். சாப்பாட்டு நேரத்தில் சாப்பாட்டைப் பற்றிப் பேசக் கூடாது என்பதால், டியூஷனுக்கு வரும் ஒரு வாலுப் பெண்ணைப் பற்றி ஏதேதோ சொன்னேன். என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது. மறுபடியும் பருப்பில் நெய்யைக் கலக்கிறேன் என்று தெரிந்தது. தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. அவள் எப்போதையும்விட மெதுவாகச் சாப்பிட்டாள். இரண்டு தடவை கை நடுவில் நின்றது. அந்த இரண்டு தடவையும் நான் வாலுப் பெண் கதையை இன்னும் நீட்டினேன். தயிர் சாதத்தைக் கடைசி வாய்வரை முடித்து, தட்டைக் கழுவிவிட்டு வந்து மறுபடியும் என் எதிரில் உட்கார்ந்தாள்.

"அண்ணாச்சி விஷயம் தெரியும்மா. ஜெபா அண்ணா எனக்கும் அனுப்பியிருந்தார்" என்றாள்.

எப்போது என்று கேட்டேன். சாப்பிட உட்காருவதற்கு முன்னாலேயே பார்த்துவிட்டாளாம்.

"மொதல்ல அழுதா அப்புறம் சாப்பிட மாட்டேன்னு தெரியும். அதான் சாப்பிட்டுட்டு அழலாம்னு இருந்தேன்" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன். அவருக்காக அழுதேனா, இவளுக்காக அழுதேனா, அந்தத் தட்டுக்காக அழுதேனா, தெரியவில்லை. அவள் ஜெயித்துவிட்டாள் என்று நான் எழுதிவிட மாட்டேன். அன்று ராத்திரி பாதிதான் சாப்பிட்டாள். நான் அந்த வேளைக்கான பயத்தைப் பட்டேன்.

மறுநாள் இருவரும் தாராவிக்குப் போனோம். சந்து முனையிலேயே ஜெபா நின்றுகொண்டிருந்தான். சாவு வீட்டில் அடுப்பு எரியாது என்று அக்கம்பக்கத்தார் டீயும் பன்னும் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். ஒவ்வொருவராக வந்து, ஒரு வாயாவது சாப்பிடுப்பா என்று அவனை வற்புறுத்திக்கொண்டிருந்தார்கள். இவனிடமா இதைச் சொல்வது என்று இருந்தது எனக்கு. அவர்கள் மேல் தப்பில்லை. துக்கத்தை நாம் அப்படித்தான் விசாரிப்போம். அவன் எல்லோருக்கும் பொறுமையாகத் தலையாட்டிவிட்டு எங்களைப் பார்த்ததும் கிட்டே வந்தான். "சீட் கெடைச்சுதா, டீச்சர்?" என்றான்.

நானாக நினைத்துச் செய்யவில்லை, என் கண் அவன் இடுப்புக்குப் போயிற்று. அவன் பார்த்துவிட்டான். கோபித்துக்கொள்வான் என்று பதறினேன். அவன் சட்டையின் முன்பக்கத்தை லேசாகத் தூக்கிக் காட்டினான்.

"பழைய ஓட்டைதான், டீச்சர். நேத்து முழுக்க ஒண்ணும் எறங்கல. இன்னைக்குக் காலையில சாப்பிட்டேன்" என்றான். பிறகு, அப்பா கிடத்தப்பட்டிருந்த பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னான். "இனிமே ஞாயித்துக்கெழமை யாராவது பாக்கணும்லா."

வரும் சனிக்கிழமை கூட்டம் உண்டு. முதலில் தப்பைச் சொல்ல அண்ணாச்சி இருக்க மாட்டார். அதனால் நான் ஆரம்பிக்கிறேன். கவிழ்த்து வைத்த போனின் கதை என்னிடம் இருக்கிறது. முதல் ஆளாகத் தப்பைச் சொல்வது, அவரிடமிருந்து நான் எடுத்துவைத்துக்கொண்டவற்றில் ஒன்று. இன்னொன்றை ஜெபாவே என்னிடம் கொடுத்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை அவன் எங்கள் வீட்டுக்கு வருகிறான். வாசலில் அவன் முகத்தை நான் இரண்டாவதாகத்தான் பார்ப்பேன்.