பத்தாவது பிள்ளை

கடைசி பெஞ்சையும் ஜன்னலோரம் தள்ளிவிட்டு ஜெபா வாசலுக்கு வந்தாள். வராந்தா முழுக்கப் பிள்ளைகள் புத்தகப் பையோடு போய்க்கொண்டிருந்தார்கள். பூந்தமல்லியிலிருந்த அந்தப் பள்ளியில், மூன்றாம் வகுப்புக்கு வந்ததும் மூன்றாவது மொழியாக இந்தியோ பிரெஞ்சோ எடுக்க வேண்டும். எது வேண்டுமோ அந்த அறையில் போய் உட்கார வேண்டும். அன்று மதிய மணி அடிக்கும்வரை மாறிக்கொள்ளலாம். பத்துப் பேர் சேராவிட்டால் பிரெஞ்சு வகுப்பு இனி கிடையாது என்று பிரின்சிபால் பத்மா சொல்லியிருந்தார்.

"இன்னா மிஸ், இந்தி ரூமுல நிக்கக்கூட எடமில்ல. இங்க காத்து வாங்குது" என்றாள் ஆயா நாகம்மாள்.

"வருவாங்க ஆயா."

"ஆளுக்கொரு சாக்லேட்டு காட்டு மிஸ். அப்பால பாரு, அந்த ரூமு காலி."

ஜெபாவுக்கு நாற்பத்து மூன்று வயது. சேக்காட்டில் ஒரு மாடிப் போர்ஷனில் தனியாக இருக்கிறாள். அம்பத்தூரில் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தபோது, உபயோகப்படும் என்று பிரெஞ்சு படித்தாள். கம்பெனியை மூடிவிட்டார்கள். மொழி மட்டும் மிஞ்சியது. அதை வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளைகளுக்கு நிறங்கள், பழங்கள், கிழமைகள் சொல்லிக்கொடுக்கிறாள். அதற்கு மேல் பேச ஆளில்லை. காலையில் ஸ்கூட்டரை எடுக்கும்போது, தினமும் போகிற வழிக்கே போனில் வழிகாட்டியைப் பிரெஞ்சில் போட்டுக்கொள்வாள். ஒரு பெண்குரல் இடப்பக்கம் திரும்பச் சொல்லும், வலப்பக்கம் திரும்பச் சொல்லும். இந்தி ஆசிரியைகள் மூன்று பேர். சேர்ந்து சாப்பிடுவார்கள். ஜெபா பீரோ பக்கத்து நாற்காலியில் சாப்பிடுவாள்.

இடைவேளைக்குள் ஒன்பது பேர் வந்துவிட்டார்கள். பிறகு யாரும் வரவில்லை. மணியடிக்கச் சற்று முன்னால் கவிப்பிரியா வந்து, ஓரத்து பெஞ்சில் தனியாக உட்கார்ந்தாள். பையைக் கழற்றவில்லை.

நாகம்மாள் வாசலில் நின்று விரலால் எண்ணினாள். "பத்து கீது மிஸ். சொல்லு, இப்பவே மணியடிச்சிர்றேன். எவ வந்து கேக்கப் போறா."

"கொஞ்சம் இருங்க ஆயா."

கவிப்பிரியா அழுதுகொண்டிருந்தாள். ஜெபா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னடா ஆச்சு?"

"ஸ்வாதி வரல மிஸ். ரெண்டு பேரும் பிரெஞ்சுன்னுதான் பேசி வச்சிருந்தோம். நேத்து அவங்கம்மா இந்தின்னுட்டாங்க."

"உங்க வீட்டுல என்ன சொன்னாங்க?"

"உன் இஷ்டம்னாங்க."

முன்வரிசையில் அருள் திரும்பிப் பார்த்தான். "மிஸ், பாட்டு ஆரம்பிக்கலாமா?"

பாட்டை ஆரம்பித்தால் இவள் அழுகையை விட்டுவிடுவாள். அதற்குள் மணியும் அடித்துவிடும். ஜெபாவுக்கு இது நன்றாகத் தெரியும். மூக்கை உறிஞ்சிக்கொண்டு பிள்ளை பெஞ்சின் விளிம்பைப் பிடித்திருந்தது. மறுபாதி பெஞ்சு காலியாக இருந்தது.

"ஸ்வாதிகிட்ட போறியா?"

தலையாட்டினாள்.

"போ. ஓடாம போ."

நாகம்மாள் அவள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உனக்கு இன்னா பைத்தியமா மிஸ்?" என்று மெதுவாகக் கேட்டாள். பிறகு மணியடிக்கப் போனாள்.

மறுநாள் ஒன்பது பிள்ளைகளையும் இந்தி அறைக்கு மாற்றினார்கள். அங்கே இடம் போதாததால் பிரெஞ்சு அறையிலிருந்து பெஞ்சுகளைத் தூக்கிப் போனார்கள். ஜெபாவுக்கு ஒன்றாம் வகுப்பில் பொது அறிவுப் பாடம் கொடுத்தார்கள். வீட்டு விலங்குகள் நடத்தினாள். சாயந்திரம் மழை பெய்தது. மெட்ரோ வேலை நடக்கிற இடத்தில் வண்டிகள் வெகுநேரம் நின்றன. வீட்டுக்கு வந்து உலை வைத்தாள்.