ஜனெல் மாற்றிய பெயர்

ஜனெல் கோஸ்கெலாவால் ஒழுங்கில்லாத எதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. அலுவலகத்தில் காப்பிக் கோப்பைகளின் கைப்பிடிகள் எல்லாம் ஒரே திசையில் திரும்பியிருக்கும். அது அவள் வேலை. பனிக்காலத்தில் நாங்கள் வாசலில் உதறிப்போடும் பூட்ஸ்களை ஜோடி சேர்த்து வைப்பவளும் அவள்தான்.

"உன் மூளைக்குள்ளயும் இப்படித்தான் அலமாரி அடுக்கி வச்சிருப்பியா?" என்று ராய்ஸ் கேட்பான்.

"உனக்குத்தான் அலமாரி வைக்க உள்ள இடமே இல்லையே, அந்தப் பொறாமை," என்பாள் அவள்.

ராய்ஸ் எங்ஸ்ட்ரம் எங்கள் முதலாளி. அவனும் ஜனெலும் ஏரிக்கரை நகரமான டுலூத்தில் ஒரே பள்ளியில் படித்தவர்கள் என்பதால் முதலாளி, ஊழியர் என்ற பேச்சே அங்கே கிடையாது. ஒரு காகித ஆலை ஆட்குறைப்பு செய்தபோது ஜனெலின் குமாஸ்தா வேலை போயிற்று. அதன்பிறகு சமுதாயக் கல்லூரியில் சேர்ந்து கணினி நிரல் எழுதக் கற்றுக்கொண்டவள் அவள். ராய்ஸின் நிறுவனத்தை நடத்தும் இணையச் செயலியை ரூபி என்ற நிரல் மொழியில் முழுக்க முழுக்க அவள் ஒருத்தியே எழுதினாள். நான் மூன்றாவது ஆள். வாடிக்கையாளர்களின் தொலைபேசியை எடுத்துப் பேசுவது என் பொறுப்பு.

நாங்கள் செய்தது எளிமையான காரியம். தனியாக வசிக்கும் வயதானவர்களுக்குத் தினமும் காலையில் தானாக ஓர் அழைப்பு போகும். எடுத்து ஒன்று என்ற எண்ணை அழுத்தினால், நலமாக இருக்கிறார்கள் என்று அர்த்தம். எடுக்காவிட்டால் இன்னொரு முறை அழைக்கும். அப்போதும் பதில் இல்லையென்றால், அவர்கள் முன்பே சொல்லிவைத்த பக்கத்து வீட்டுக்காரருக்கு "போய்ப் பாருங்கள்" என்று செய்தி போகும்.

இதையெல்லாம் யாரும் உட்கார்ந்து பொத்தானை அமுக்கிச் செய்வதில்லை. நேரம் வந்ததும் செயலியின் பின்னணியில் சில வேலைகள் தாமாக ஓடும். ஜாப் என்போம். எந்த ஜாப் எந்த நேரத்தில் ஓட வேண்டும் என்று ஓர் அட்டவணைக் கோப்பில் வரிவரியாக எழுதியிருக்கும். காலை எட்டுக்கு அழைக்கும் ஜாப். ஒன்பதுக்குப் பதில் சொல்லாதவர்களைப் பொறுக்கியெடுத்து அக்கம்பக்கத்துக்குச் சொல்லும் ஜாப். இந்த இரண்டாவதற்கு ஜனெல் ஆரம்ப நாளில் விளையாட்டாக 'நச்சரிப்பு' என்று பெயர் வைத்திருந்தாள்.

அந்தப் பெயர் அவளை நீண்ட நாளாக உறுத்திக்கொண்டிருந்தது. நவம்பரில் ஒரு வியாழக்கிழமை மதியம், கையில் வேறு வேலை இல்லாததால், நிரல் முழுவதும் தேடி அதைப் 'பதிலற்றவர்கள்' என்று கௌரவமான பெயராக மாற்றினாள். சோதனைகள் எல்லாம் சரியாக ஓடின. மாற்றத்தைச் சர்வரில் ஏற்றிவிட்டு, சாப்பிட எழுந்தாள்.

அட்டவணைக் கோப்பை மட்டும் அவள் தொடவில்லை. அதில் பழைய பெயரே இருந்தது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குச் சர்வர் 'நச்சரிப்பு' என்று கூப்பிட்டது. அப்படி ஒருவர் அங்கே இல்லை. பிழை என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு அது தன் பாட்டுக்கு அடுத்த வேலைக்குப் போய்விட்டது. அந்த இலையுதிர்காலம் முழுவதும் ஒன்றுமில்லாததற்கெல்லாம் பிழை மின்னஞ்சல் வந்து கொட்டியதால், ஜனெல் அவற்றை ஓர் ஓரத்துக்குத் தள்ளி, சத்தம் வராமல் அடக்கி வைத்திருந்தாள். எட்டு மணி அழைப்புகள் வழக்கம்போலப் போய்க்கொண்டிருந்தன. எங்கள் யாருக்கும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை இர்மா பாக்கே தன் சமையலறையில் வழுக்கி விழுந்தார். எண்பதைத் தாண்டியவர். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. எட்டு மணிக்குச் சுவரில் தொலைபேசி மணி அடித்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அடித்தது. அவரால் அதை எட்ட முடியவில்லை. யாரும் வரவும் இல்லை. ஞாயிறன்று தேவாலயத்தில் பூசை முடிந்து காப்பி ஊற்ற இர்மா வராததைக் கண்டு, இரண்டு பெண்கள் வீட்டுக்குப் போய்க் கதவைத் திறந்து பார்த்தார்கள். உயிர் இருந்தது.

விஷயம் தெரிந்ததும், திங்கட்கிழமை காலை ராய்ஸ் முதலில் கூப்பிட்டது லோரன் ஸ்டாவ் என்பவரை. இர்மா சொல்லிவைத்த பக்கத்து வீட்டுக்காரர் அவர்தான். இரும்புத்தாது ஏற்றும் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒலிபெருக்கியில் அவர் குரலை நாங்கள் மூவரும் கேட்டோம்.

"லோரன், சனிக்கிழமை உங்களுக்கு மெசேஜ் வந்துச்சா?"

"ஹாக்கி பார்த்துட்டு இருந்தேன்," என்றார். "போன் கோட்டுப் பையில கிடந்துச்சு. எனக்கு ஆயிரத்தெட்டு விளம்பரம் வரும், மொத்தமா அழிச்சுடுவேன். இதையும் அழிச்சுட்டேன் போல. கடவுளே. நான் ஜன்னல்ல நின்னா அவங்க அடுப்பங்கரை விளக்குத் தெரியும், ராய்ஸ். அது எரிஞ்சிட்டே இருந்துச்சு. நான் பார்த்தேன்."

அன்று மதியம் ஜனெல் ஏதோ தோன்றி, சனிக்கிழமை போன செய்திகளைத் தேடினாள். ஒன்றுமே போகவில்லை. வெள்ளிக்கிழமையும் போகவில்லை. அடக்கி வைத்திருந்த மின்னஞ்சல்களைத் திறந்தாள். அவள் முகம் வெளிறிப் போனதை நான் என் மேஜையிலிருந்து பார்த்தேன். அட்டவணையில் ஒரு வார்த்தையை மாற்றினாள். அவ்வளவுதான், சரியாகிவிட்டது. எழுந்து ராய்ஸின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மெல்லிய சுவர், எல்லாம் கேட்டது.

"லோரனுக்கு எதுவுமே போகலை. நான்தான் காரணம். இப்பவே அவர்கிட்ட சொல்லணும்."

"உட்காரு. யாருகிட்டயும் எதுவும் சொல்லக் கூடாது. இன்சூரன்ஸ் வக்கீல் அதைத்தான் முதல்ல சொல்வான்."

"அவரு தானே அழிச்சிட்டதா நினைச்சிட்டு இருக்காரு!"

"நாம சொல்லலையே, அவரே சொன்னாரு. ஜனெல், இந்த ஒரு வாரம் பொறு. வெளியே தெரிஞ்சா கம்பெனி இருக்காது. மத்த கிழவங்களுக்கு யாரு போன் பண்ணுவா?"

அந்தக் கடைசிக் கேள்விதான் அவள் வாயை அடைத்தது. ஒரு வாரம் என்றது நவம்பர் கடைசியில் வரும் நன்றி கூறும் நாளையும் தாண்டிப் போயிற்று. ஏரி ஓரங்களில் பனிக்கட்டி கட்டத் தொடங்கியது. ஜனெல் எங்களோடு சாப்பிட வருவதை நிறுத்தினாள். எதையும் அடுக்கி வைப்பதையும் நிறுத்தினாள். பூட்ஸ்கள் வாசலில் கவிழ்ந்து கிடந்தன. ஒரு ஜாப் ஓடவில்லையென்றால் சர்வருக்கு வெளியிலிருந்து அவள் கைப்பேசியை அலறவைக்கும் ஏற்பாடு ஒன்றைச் செய்தாள். அது முடிந்ததும் அதைக் கண்காணிக்க இன்னொன்று. நல்ல வேலைதான். ஆனால் அதைச் செய்தபோது அவள் முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. எனக்கும் விஷயம் தெரியும், நானும் வாயைத் திறக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

டிசம்பரில் ஒரு நாள் காலை லோரன் எங்கள் அலுவலகப் படியேறி வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மெலிந்திருந்தார். தினமும் இர்மாவைப் பார்க்கப் பராமரிப்பு இல்லத்துக்குப் போய் வருவதாகச் சொன்னார். உறைந்த ஏரியின் மேல் வைத்து மீன்பிடிக்கும் கொட்டகையை இந்த வருஷம் இழுத்துப் போகவில்லையாம்.

"இந்த போன்ல உங்க மெசேஜுக்கு மட்டும் தனியா சத்தம் வைக்க முடியுமாமே. செத்தவனும் எழுந்திரிக்கிற மாதிரி வச்சுக் குடுங்க," என்றார். "எங்க தெருவுல இன்னொரு பாட்டியம்மாவுக்கும் என் பேரைத்தான் குடுத்திருக்காங்க. வேண்டாம்னு சொன்னேன், கேட்கலை. இன்னொரு தடவை நான் தவற விடக் கூடாது."

ஜனெல் கைப்பேசியை வாங்கினாள். தீயணைப்பு வண்டி போல ஒரு சத்தத்தைத் தேர்ந்தெடுத்து, ஒரு முறை ஒலிக்கவிட்டுக் காட்டினாள். அவர் தலையாட்டி, நன்றி சொல்லி, இறங்கிப் போனார். கையுறைகளை மேஜையிலேயே விட்டுவிட்டார்.

நான் கையுறைகளை எடுப்பதற்குள் ஜனெல் கோட்டுகூட இல்லாமல் படியில் ஓடிக்கொண்டிருந்தாள். கீழே நான் போய்ச் சேர்ந்தபோது, அவர் தன் பிக்கப் வண்டியின் கதவைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"திரும்பச் சொல்லு," என்றார்.

"உங்களுக்கு மெசேஜ் வரவே இல்லை, லோரன். நீங்க எதையும் அழிக்கலை. நான் ஒரு பேரை மாத்தினேன், ஓரிடத்துல மாத்தாம விட்டுட்டேன். அதனால போகலை. அந்தத் திங்கட்கிழமையே எனக்குத் தெரியும்."

"திங்கட்கிழமையேவா?"

"ஆமா."

அவர் கத்துவார் என்று நினைத்தேன். அவர் வண்டியின் படியில் உட்கார்ந்து, தொப்பியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நான் இர்மா கால்கிட்ட உட்கார்ந்து அழுதேன், பொண்ணே. மன்னிச்சிடுங்கன்னேன். அவங்களும் மன்னிச்சிட்டாங்க. இப்ப அதை நான் என்ன பண்றது? யாருகிட்டத் திருப்பிக் குடுக்கிறது?"

ஜனெல் குளிரில் கைகளைக் கட்டிக்கொண்டாள்.

"வண்டில ஏறு," என்றார். "என்கிட்ட சொன்னதை அங்க வந்து சொல்லு. குளிர்ல நின்னு சாகாதே, ஏறு."

இல்லத்தில் நடந்ததை ஜனெல் பிறகு என்னிடம் சொன்னாள். இர்மா சாய்வு நாற்காலியில் போர்வையோடு இருந்தார். முழுவதையும் இடைமறிக்காமல் கேட்டார்.

"எதுக்குப் பேரை மாத்தினே?"

"பழைய பேரு நல்லா இல்லைங்க."

"என்ன பழைய பேரு?"

"நச்சரிப்பு."

"அதுக்கு என்ன கேடு? நச்சரிக்கத்தானே நான் உங்களுக்கு மாசா மாசம் பணம் கட்டினேன்." பிறகு லோரனிடம் திரும்பினார். "அந்தத் தரையில கிடந்து உன்னை என்னென்ன திட்டினேன் தெரியுமா? எங்கம்மா நார்வேலேருந்து கொண்டுவந்த வசவெல்லாம் தீர்ந்து போச்சு. அத்தனையும் வீண்."

லோரன் சிரித்துவிட்டார். இர்மாவும் சிரித்தார். ஜனெல் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு யாரும் உட்கார இடம் காட்டவில்லை.

"மன்னிக்கச் சொல்லிக் கேட்க வரலை," என்றாள் அவள்.

"நல்லதாப் போச்சு. ஒரு தடவை மன்னிச்சதே எனக்குப் பெரும்பாடு. இன்னொரு தடவைக்கு இப்ப தெம்பில்லை. நான் வீட்டுக்குத் திரும்பப் போக மாட்டேன்னு டாக்டர் சொல்லிட்டான். அதை நினைக்கவே எனக்கு நேரம் சரியா இருக்கு."

இதைக் கேட்டு ராய்ஸ் அன்று நாற்காலியை உதைத்தான். ஆனால் மாலைக்குள் அவனும் ஓய்ந்து, என்ன நடந்தது என்று எல்லா வாடிக்கையாளருக்கும் எழுத ஒப்புக்கொண்டான். அடுத்த வாரம் முழுவதும் நான் வசவு வாங்கினேன். சிலர் விலகினார்கள், பெரும்பாலோர் இருந்தார்கள். அரிஸோனாவில் இருந்த இர்மாவின் மகன் வக்கீல் வைத்தான். காப்பீட்டு நிறுவனம் அவனோடு இழப்பீடு பேசி முடித்தது. வசந்தத்தில் இர்மாவின் வீடு விலை போனது. ஜனெலை ராய்ஸ் வேலையை விட்டு அனுப்பவில்லை. அவளும் போகவில்லை. "போனா எனக்கு நிம்மதி. அதனாலதான் போகலை," என்றாள் ஒருமுறை, என்னைப் பார்க்காமல்.

ஞாயிறுகளில் அவள் இல்லத்துக்குப் போகத் தொடங்கினாள். இர்மா அவளைச் சீட்டாட வைத்து, மோசமாக ஆடுகிறாள் என்று திட்டுவார். அந்தச் சனிக்கிழமையைப் பற்றி இர்மா பிறகு பேசவே இல்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. ஜனெல் ஒவ்வொரு ஞாயிறும் அதற்காகக் காத்திருந்தாள் என்று நினைக்கிறேன். இல்லையென்றுதான் அவள் சொல்வாள்.

சில வருஷங்கள் கழித்து இர்மா தூக்கத்தில் போய்ச் சேர்ந்தார். அடக்கம் முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. நாங்கள் பின்மேஜையில் தள்ளி உட்கார்ந்திருந்தோம். லோரன் வந்து ஜனெலின் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எதிரே இருந்த ஒரு பெண், இர்மாவின் உறவுக்காரி, ஜனெலிடம் கேட்டாள்:

"உங்களுக்கு அத்தையை எப்படித் தெரியும்?"

"அவங்க விழுந்தப்போ ஆள் போகாம விட்டது நான்தான்," என்றாள் ஜனெல்.

அந்தப் பெண் திகைத்துப் போய் லோரனைப் பார்த்தாள். அவர் உருளைக்கிழங்குத் தட்டை ஜனெலின் முன்னால் நகர்த்தினார்.

"ஞாயித்துக்கிழமை சீட்டாட வர்ற பொண்ணு," என்றார் அவளிடம். பிறகு ஜனெலிடம், "ஆறிடப் போகுது, சாப்பிடு," என்றார்.

ஜனெல் முள்கரண்டியை எடுத்தாள். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டு, சாப்பிடத் தொடங்கினாள்.